இரண்டாவது போர்வை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேல்பாண்டி கட்டில்மேல் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்தான். பின்னாலேயே ஒரு போர்வையும் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. சட்டையின் கீழ் ஓரம் போர்வையோடு சேர்த்து நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. அவன் கூடத்தின் நடுவில் திரும்பிப் பார்த்துவிட்டு, ராஜபார்ட் வேஷக்காரனைப் போல மார்பை நிமிர்த்தி ரெண்டு எட்டு நடந்து காட்டினான். அபிதா சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏப்ரல் ஒண்ணுக்கு இன்னும் மூணு நாள் கெடக்கேத்தா, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா" என்றான் மகளிடம்.

"சத்தியமா நானில்லப்பா. எனக்கு ஊசியில நூலே கோக்க வராது. நீங்களே தச்சுட்டு எந்தலையில கட்டாதீக."

சின்னமனூரில் அந்தத் தெருவுக்கே தெரியும், வேல்பாண்டி வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் யாரோ யாரையோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று. மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து திரும்பும்போதே அவன் ஏதாவது யோசித்துக்கொண்டு வருவான். மகள் காலேஜில் சேர்ந்த பிறகு அப்பனை மிஞ்சிவிட்டாள். மனைவி மகாலட்சுமியும் ஒன்றும் சளைத்தவளில்லை. போன பொங்கலுக்கு அவன் செருப்பு ரெண்டையும் அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்தவள்தான்.

இந்தப் பங்குனி பிறந்ததிலிருந்து விளையாட்டு கொஞ்சம் கூடித்தான் போயிருந்தது. சீனி டப்பாவில் உப்பு. பிரிட்ஜுக்குள் டிவி ரிமோட். குளிக்கப் போனால் சோப்புப் பெட்டியில் உரித்த பூண்டு. யார் செய்தது என்று கேட்டால் அப்பன் மகளைக் கைகாட்டுவான், மகள் அப்பனைக் கைகாட்டுவாள், மூன்று பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

மகாலட்சுமி சிரித்துக்கொண்டேதான் போர்வையை மடியில் போட்டுத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். பழைய நூல்சேலைகளை மூன்று அடுக்காக மடித்துக் கையால் தைத்த போர்வை. வெயில் ஏறுவதற்கு முன் வாசல் வேம்பிலிருந்து பூ உதிர்ந்து நடை முழுக்கக் கிடந்தது, அதன் வாசம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. நூலின் முடிச்சைத் தேடி நகத்தால் நெருடியவளுக்குக் கை நின்றுவிட்டது. ஒரே இடத்தில் மூன்று தையல், பிறகு நூலை அடியில் விட்டு வாங்கி, பல்லால் கடித்து விரல்கடை நீளம் வால் விட்டிருந்தது. அவளும் அவள் தங்கச்சியும் அவர்கள் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் அது. தங்கச்சி மாரீஸ்வரி இருப்பது மேகமலையில். இந்த வீட்டில் அப்படித் தையலை முடிக்கிற ஆள் ஒருத்திதான் உண்டு.

இதைத் தைத்தது எப்போது? நேற்று ராத்திரியா, மத்தியானமா? நேற்றுச் சமைத்தது நினைவிருக்கிறது, முருங்கைக்காய்க் குழம்பு. பக்கத்து வீட்டு ஜக்கம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தது நினைவிருக்கிறது. சட்டையைக் கையில் எடுத்தது மட்டும் நினைவில் இல்லை. அந்த இடம் துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி இருந்தது.

அவளுடைய பெரியம்மா மூக்கம்மாளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. உலையில் அரிசிக்குப் பதிலாகத் துவரம்பருப்பைப் போட்டபோது வீடே சிரித்தது. ரெண்டு வருஷம் கழித்து ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில், எந்த ஊருக்குப் போகணும் என்று தெரியாமல் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தவளைத்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

எழுந்து போய் ஊசிகள் குத்தி வைத்திருக்கும் துணியைப் பார்த்தாள். எண்ணிப் பார்த்தாள். கனமான துணி தைக்கிற நீள ஊசி இல்லை. தையல்மிஷின் மேல், பாயடியில், ஜன்னல் கட்டையில் எங்கேயும் இல்லை. கடைசியாக அதை எதற்கு எடுத்தோம் என்று யோசித்தாள். தங்கச்சி பிள்ளைக்குப் போர்வை தைக்க.

மாரீஸ்வரிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. இந்த வீட்டில்தான் நாற்பது நாள் வைத்துப் பார்த்து அனுப்பினாள். இப்போது மூணு மாசம். எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் ராத்திரிக் குளிர் தாங்காது என்று சின்னதாக ஒரு நீலப் போர்வை தைத்து, வியாழக்கிழமை சாமான் வாங்க இறங்கி வந்த தங்கச்சி புருஷன் ஈஸ்வரபாண்டியிடம் கொடுத்துவிட்டிருந்தாள்.

தங்கச்சிக்குப் போன் போகவில்லை. மலையில் எப்போதும் அப்படித்தான். பிள்ளையைப் பார்க்கணும் போல இருக்கிறது என்று மட்டும் புருஷனிடம் சொன்னாள். கடையில் அவசர வேலை இருக்கிறது, அபிதாவைக் கூட்டிக்கொண்டு போ என்றான். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி மூச்சுவாங்கித் திரும்பும்போது, மூன்று அடுக்குத் துணிக்கு நடுவில் அந்த ஊசி ஒரு நூல் அளவு நகர்வது போல இருந்தது அவளுக்கு. ஏம்மா ஒரு மாதிரி இருக்கே என்று அபிதா ரெண்டு தடவை கேட்டாள். தலைசுற்றல் என்று சொல்லிவிட்டாள்.

மாரீஸ்வரி வாசலிலேயே பார்த்துவிட்டு ஓடி வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பதே அக்காவின் விளையாட்டுத்தான் என்று அவளுக்குச் சந்தோஷம். உள்ளே பிள்ளை நீலப் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். மகாலட்சுமி அவனை அப்படியே தூக்கித் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு, போர்வையைத் தரையில் விரித்து, ஓரத்திலிருந்து உள்ளங்கையை அழுத்தி அழுத்தித் தடவினாள். மடக்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா தேடுற?"

"ஊசி ஒண்ணு காணல. இதுக்குள்ள வச்சுத் தச்சுட்டேனோன்னு."

"அப்ப இன்னொண்ணையும் பாத்துரு" என்று மாரீஸ்வரி சாதாரணமாகச் சொன்னாள். "ராவைக்கு அதத்தான் போத்துறோம். அதான கனம்."

"எந்த இன்னொண்ணு?"

"ஏக்கா, அன்னைக்கு இதோட சேத்துத்தான அவுகட்ட குடுத்துவிட்ட."

கொடியிலிருந்து அவள் எடுத்து வந்து மடியில் போட்டது அம்மாவின் அரக்குச் சேலையில் தைத்த போர்வை. அந்தச் சேலை தகரப்பெட்டியின் அடியில் மடித்தபடி இருக்கிறது என்றுதான் மகாலட்சுமி நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா நினைவாக அது ஒன்றுதான் என்று யாருக்கும் தராமல் வைத்திருந்தது. அதை வெட்டியிருக்கிறது. மூன்றாக மடித்திருக்கிறது. நாலு மூலையிலும் மூன்று தையல், ஒரு வால்.

"ரெண்டு நாளா ராவுல திடீர் திடீர்னு அழுகுறாங்க்கா. கால்ல செவப்பா ஒரு புள்ளி. பூச்சிக்கடின்னு எண்ணெய் தடவுனேன்."

மகாலட்சுமி போர்வையை மடியிலேயே விரித்தாள். கையை வைத்துத் தடவிக்கொண்டே போனாள். மூன்றாவது மூலைக்கு ஒரு சாண் முன்னால் விரலில் சுருக்கென்றது. கடைசி மடிப்புக்குள் ஊசி படுத்திருந்தது, முழ நீளம் சிவப்பு நூல் காதிலேயே கோத்தபடி. அவள் அதை உருவி வெளியே எடுத்தாள். மாரீஸ்வரி பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் போனாள். தான் அப்படிப் போனது தெரிந்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

அபிதா அம்மாவின் கையிலிருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா சட்டையத் தச்சதும் நீதானாம்மா?"

"தெரியல தாயி."

அபிதா ஊசியை வாங்கித் தன் துப்பட்டா நுனியில் குத்திக்கொண்டாள். வெளியே தேயிலைச் சரிவிலிருந்து மஞ்சு மூட்டம் ஏறி வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. இன்னும் ஏதாவது இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மகாலட்சுமியின் கை மறுபடியும் போர்வையின் ஒரு ஓரத்திலிருந்து தடவத் தொடங்கியது. அபிதா எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்து அடுத்த ஓரத்திலிருந்து தடவிக்கொண்டு வந்தாள். அரக்குத் துணியின்மேல் ரெண்டு கைகளும் ஒரு விரல்கடை, ஒரு விரல்கடையாக நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.