ஹல்லர் சுவரில் ஒரு கை

இலுப்பூர் ரைஸ்மில் களத்தில் அவித்த நெல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மீனம்மாள் ஓரமாக, வலக்கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்தபடி நின்றாள். நஷ்டஈடு விசாரிக்கத் திருச்சியிலிருந்து ஆபீசர் வரவேண்டும்.

"பயந்துக்காதீங்கக்கா," என்றான் இஞ்சின் டிரைவர் மரியசெல்வம். மனு எழுதிப் போட்டவன் அவன்தான். "ராசாவோட சமஸ்தானம் போயி வருசம் ஒண்ணாச்சு. மில்லுல கை போனா மொதலாளி ஈடு கட்டணும்கிற சட்டம் இப்ப நமக்கும் உண்டு."

"சட்டத்துக்கு என்னைத் தெரியுமா தம்பி?"

அந்த மில்லில் பெண்களுக்குக் கூலி நொய்யும் தவிடும்தான். ஆள் கணக்கில் பெயர் ஏறாது. மாசியில் பெல்ட் அவள் கட்டைவிரலைக் கொண்டுபோனபோது, முதலாளி ஒரு மரக்கால் அரிசி கொடுத்து, "இத்தோட சரி" என்றார். மறுவாரமே உமி நீக்கும் ஹல்லர் மிஷினுக்கு நெல் கொட்ட, அவள் இடத்துக்கு அழகி வந்துவிட்டாள். மீனம்மாளால் அதன்பிறகு அரிவாள்கூடப் பிடிக்க முடியவில்லை.

ஆபீசர் வந்ததும் முதலாளி முந்திக்கொண்டார். "தவிடு வாங்க வந்தவ இவ. வேடிக்கை பாக்கப் போயிக் கையக் குடுத்துட்டா. பாவப்பட்டு அரிசி குடுத்தேன்."

"இவ இங்க வேலை பாத்தாளா?" ஆபீசர் களத்துப் பெண்களைக் கேட்டார்.

அவர்கள் கால்கள் மட்டும் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தன. மீனம்மாளுக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் மடியிலும் அதே நொய்தான் இருந்தது. அவள் சட்டென்று மில்லுக்குள் நடந்தாள். ஆபீசரும் முதலாளியும் பின்னால் போனார்கள்.

ஓடாமல் நின்ற ஹல்லருக்குப் பின்னால், சுவரில் மஞ்சள் கைத்தடம் ஒன்று இருந்தது. சின்னக் கை; சுண்டுவிரல் கோணியிருந்தது.

"ஆயுதபூசையன்னிக்கு அந்தந்த மிஷின்ல நிக்கிற ஆளுதான் கை வைக்கணும். மிஷின் நம்மளக் காவு வாங்கக் கூடாதுன்னு வேண்டுதல்," என்றாள் மீனம்மாள். "இது யாரு கை மொதலாளி? நீங்கதான மஞ்சத் தட்டு பிடிச்சீங்க?"

"யாரோ எவளோ..."

மீனம்மாள் முந்தானையை விலக்கி, கையைத் தடத்தின் மேல் வைத்தாள். கோணல் சுண்டுவிரல் கோணலுக்குள் போய் உட்கார்ந்தது.

"மீனாக்கா கைதான்யா!" ஹல்லரடியிலிருந்து அழகி சொன்னாள்.

"ஏய், அழகி!"

"என்ன மொதலாளி? நானும் தவிடு வாங்கத்தான் வந்து நிக்கிறனா?"

களத்தில் ஒருத்தி சிரித்தாள். பிறகு வாசலெல்லாம் குரல்கள். "மூணு வருசமா அவதான் கொட்டுனா!" "எங்களுக்கும் நொய்தான் கூலிங்க!"

ஆபீசர் முதலாளி பக்கம் திரும்பினார். "வேலைக்காரிதான். ஈட்டுத் தொகை முழுசும் என் ஆபீசுல கட்டணும். நீங்களாக் குடுத்த அரிசி அதுல சேராது."

"இப்பவாச்சும் எம் பேரு ஏறுச்சா சாமி?"

"ஏறியாச்சும்மா."

களத்திலிருந்து குலவை எழுந்து தகரக் கூரையில் மோதியது. மீனம்மாள் கையை எடுக்கவில்லை. அவள் உள்ளங்கைக்கும் நான்கு விரல்களுக்கும் அடியில் மஞ்சள் மறைந்திருந்தது. கட்டைவிரலின் தடம் மட்டும், மூட விரலில்லாமல், சுவரில் தனியே மஞ்சளாகத் தெரிந்தது.