புது அரிசிச் சோறு

பதினொன்றரைக்கே இலை போட்டுவிட்டார்கள். நிச்சயம் முடிந்தபின் பரணிதரன் வானதி வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. அவள் அப்பா பஞ்சநதம் சம்பா அறுத்ததும் மாப்பிள்ளைக்கென்று தனியாக நெல் அரைத்து வைத்திருந்தார். சோற்றை அவரே அள்ளிக்கொண்டு வந்தார்.

பரணிதரன் இலைக்குக் குறுக்கே கையை நீட்டினான்.

“சோறு வேண்டாம் மாமா. காய் போதும்.”

பஞ்சநதம் கரண்டியோடு அப்படியே நின்றார். வானதியின் அத்தை நாகம்மாள் சிரித்தாள்.

“ஏன் மாப்ள, எங்க வயக்காட்டு அரிசி பூதலூர்க்காரங்களுக்கு எறங்காதா?”

“அதெல்லாம் இல்லைங்க.”

“நிச்சயத்தன்னைக்குக் கன்னம்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப அதையும் காணோம்.” குரலைத் தாழ்த்தினாள். “சுகரா?”

அவன் காலையும் மாலையும் ஜிம்முக்குப் போகிறான். வயிறு குறைய வேண்டுமென்று சோற்றை விட்டான். குறைந்துவிட்டது என்கிறார்கள். கண்ணாடியில் அது அப்படியே இருக்கிறது. இதை இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? வியாதி என்றால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

“ஆமாங்க. கொஞ்சம்.”

அதன்பின் யாரும் வற்புறுத்தவில்லை. சோறு உள்ளே திரும்பிப் போயிற்று. அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

சாயங்காலம் பஞ்சநதம் அவன் அப்பாவுக்கு போன் செய்தார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றார். முகூர்த்தத் தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார்.

அப்பா போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். “உனக்கு ஏதுடா சுகரு?”

மறுநாள் தஞ்சாவூருக்குப் போய் ரத்தம் கொடுத்தான். சுகர் இல்லை. ரிப்போர்ட்டைப் படமெடுத்து வானதிக்கு அனுப்பினான். இத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

அவள் கூப்பிட்டபோது பனியனைத் தூக்கித் தாடையில் இடுக்கிக்கொண்டு கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்றிருந்தான். பனியனை நழுவவிட்டு போனை எடுத்தான்.

“அப்பாட்ட காட்டிட்டேன்,” என்றாள்.

“என்ன சொன்னாங்க?”

“நேத்தாவது பரிதாபப்பட்டாரு. இன்னைக்குக் கோவமா இருக்காரு. ஒடம்புக்கு ஒண்ணுமில்லன்னா எஞ் சோத்த ஏன் தொடலன்னு கேக்குறாரு. நம்ம வீட்டுல கை நனைக்க மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லன்னு அத்தை வேற எடுத்துக் குடுக்குது. நான் என்னன்னு சொல்றது?”

அவன் மறுபடி பனியனைத் தூக்கினான். மூச்சை இழுத்தால் வயிறு இல்லை. விட்டால் இருந்தது. இதில் எந்த வயிறு தன்னுடையது என்று தெரியவில்லை.

“லைன்ல இருக்கீங்களா?”

“ம்.”

“சோறு புடிக்காதா?”

“புடிக்கும்.”

“எங்க வீடு?”

“அய்யோ, அது இல்ல வானதி.”

“சுகரும் இல்ல. அப்ப உங்களுக்கு என்னதான் பண்ணுது?”