அடுப்பில் வெந்த விதை

ஈரத்துணியைப் பிரித்துப் பார்த்தேன். இருபது விதைமணி வைத்திருந்தேன். ஆறு நாள் ஆகியும் ஒன்றுகூட முளைவிடவில்லை. ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய கரு காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது.

வழக்கமாக நான் என் விதையைச் சோதித்துப் பார்ப்பவள் அல்ல. நசாரியாவின் மக்காச்சோளத்தில் வண்டு இல்லை, கலப்பு இல்லை, சொத்தை இல்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொல்லாத நாளில் நானே சொல்லிக்கொள்வேன். இந்த வருஷம் கதிரை உதிர்க்கும்போது லேசாக வறுத்த வாசனை வந்தது. அதனால்தான் பயந்துபோய்த் துணியில் சுற்றி வைத்தேன்.

எப்படி நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லார் வீட்டிலும் செய்வதுபோல விதைக்கதிரை மேல்தோல் மட்டையோடு இரண்டிரண்டாகப் பின்னி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருந்தேன். அன்றாடச் சமையலின் புகை பட்டால் வண்டு அண்டாது, மணியும் மெல்லக் காயும். ஆனால் ஜனவரியில் செபஸ்தியார் திருவிழாச் சமையல் எங்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டு சுள்ளி எரிகிற அடுப்பில் மூன்று நாள் இரவும் பகலும் கருவாலி மரக் கட்டைகள் எரிந்தன. ரொட்டி மாவுக்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் சோளம் வெந்துகொண்டே இருந்தது. மேலே தொங்கிய எண்பது கதிரையும் இறக்கி வைக்க வேண்டியவள் நான்தான். நானோ கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஊர்ப்பெண்களை அதட்டிக்கொண்டிருந்தேன்.

வயலிலிருந்து என் புருஷன் எலீகியோ வந்தான். முழங்கை வரை மண்.

“ஈரம் எறங்கிட்டே போகுது,” என்றான். “போன வாரத்துக்கு இன்னைக்கு நாலு விரல் கீழ போயிருச்சு. வியாழக்கிழமைய விட்டா அப்புறம் கடப்பாரைக்குக்கூட ஈரம் எட்டாது.”

எங்கள் மலையில் மழைக்காகக் காத்திருந்து நடுவது கிடையாது. போன வருஷத்து மழை மண்ணுக்கடியில் விட்டுப்போன ஈரத்தைத் தேடித் தோண்டி, அதன்மேல் விதையை வைக்க வேண்டும். வியாழக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. குழி போடப் பதினான்கு பேர் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

துணியை அவனிடம் நீட்டினேன். பார்த்தான். 

“வஹாகா டவுனுக்குப் போயி கடை வெத வாங்கிட்டு வரட்டுமா?”

“கடை வெத ஒரு முழம் மண்ணத் தள்ளிட்டு மேல வருமாய்யா? பாதியிலயே மூச்சு முட்டிச் செத்துரும்.”

“அப்ப ஒத்தீலியாகிட்ட கேளு. ஊருல எல்லாரும் நட்டு முடிச்சாச்சு. அவ ஒருத்திதான் எப்பவும் கூடுதலா எடுத்து வெப்பா.”

“வேற ஆளே கெடைக்கலையா உனக்கு?”

“எனக்கென்னடி, நாலு மாசத்துக்குக் கூலிக்குப் போயிருவேன். பிள்ளைங்க என்ன திங்கும்னு யோசி.”

ஒத்தீலியா என் ஓரகத்தி, எலீகியோவின் தம்பி பெண்டாட்டி. நான்கு வருஷத்துக்கு முன்பு ஆலங்கட்டி மழை அவள் வயலை அடித்துப் போட்டபோது என்னிடம் விதை கேட்டு வந்தாள். எங்கள் ஊரில் விதை கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. நானும் சொல்லவில்லை. ஆனால் கதிரின் நடுமணிதான் விதைக்கு, இரு முனையிலும் உள்ள சின்ன மணி சமையலுக்கு என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். அவள் கூடையில் நான் கொட்டியது முனைமணி. பார்த்தாள், நன்றி சொன்னாள், போய்விட்டாள். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் வேலைப் பேச்சுதான்.

அவள் வாசலில் உட்கார்ந்து ஓலைத்தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் விரல் நிற்கவில்லை.

“வா அக்கா. உக்காரு.”

“வெத வேணும் ஒத்தீலியா.”

“உன் வெதைக்கு என்ன ஆச்சு?”

கேட்பது முறைதான். கேட்காமல் யாரும் கொடுப்பதில்லை. வழியெல்லாம் பதிலை யோசித்துக்கொண்டே வந்திருந்தேன்.

“வண்டு விழுந்துருச்சு.”

“என்ன வண்டு? கருப்பா, செவப்பா?”

“கருப்பு.”

“பொகையில தொங்குன கதிருலயா?” அவள் ஓலையை இழுத்து முடிச்சுப் போட்டாள். “வண்டு விழுந்த வீட்டுக்கு வெத குடுக்கக் கூடாது அக்கா. அடுத்த வருசம் ஊரு முச்சூடும் பரவிரும். உனக்குத் தெரியாததா?”

அவள் சொன்னதில் தப்பில்லை. சும்மா இருக்கத் தெரியாமல் என் வாயாலேயே கதவைச் சாத்திக்கொண்டேன். எழுந்துபோய்விடலாம் என்று தோன்றியது. போனால் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டு ஒரு வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“வண்டு இல்ல,” என்றேன். “வெந்துபோச்சு. திருவிழா அடுப்புல. நாந்தான் எறக்கல.”

அப்போதுதான் அவள் விரல்கள் நின்றன.

“தெரியும்,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“ரெண்டாம் நாள் காலைல பாத்தேன். மட்டையெல்லாம் சுருண்டு கெடந்துச்சு. சொல்லணும்னுதான் கிட்ட வந்தேன். நீ எல்லாரு முன்னாடியும் என்னக் காட்டி, ‘மாவ இப்படித் தண்ணியா பெசைஞ்சிருக்காளே, இவ ஆத்தா ஒண்ணுமே கத்துக்குடுக்கலையா’ன்னு கேட்ட. திரும்பிப் போயி அடுப்புல இன்னொரு கட்டைய வெச்சேன்.”

“அடிப்பாவி. என் பிள்ளைங்க சோறுடி அது.”

“ஆமா.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?”

கேட்டிருக்க மாட்டேன். என் அடுப்பங்கரையில் எனக்கே பாடமா என்று இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டியிருப்பேன்.

அவள் உள்ளே போய் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “நடுமணிதான். உங்க வயலுக்கும் சேத்து அன்னைக்கே எடுத்து வெச்சுட்டேன். நானா கொண்டாந்தா ஏன்னு கேப்ப. தெனமும் நீ வருவ வருவன்னு பாத்துட்டே இருந்தேன்.”

ஒரு மணியை எடுத்துப் பிளந்தேன். கரு வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மணியை வைத்துச் சாக்கை நம்ப முடியுமா? துணியில் சுற்றி ஆறு நாள் பார்க்க நேரமில்லை. என் விதை வேகும்போது கட்டையை எடுத்து வைத்தவளின் விதையை நம்பித்தான் என் வருஷம் முழுக்க மண்ணுக்குள் போக வேண்டும்.

“மொளைக்குமா?” என்றேன்.

அவளுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. “இதே வெதயதான் நான் நட்டிருக்கேன். பத்து நாளாச்சு. போயித் தோண்டிப் பாரு.”

நட்ட குழியை அடுத்தவர் தோண்டுவது எங்கள் ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். வேறொருத்தியாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லி, சாக்கை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். நான் அவள் வயலில் இறங்கி, ஒரு குழியருகே மண்டியிட்டு, கையால் மண்ணை வாரினேன். மேல்மண் மாவாக உதிர்ந்தது. முழங்கை வரை உள்ளே போனது. தோள் மண்ணில் முட்டியது. விரல் நுனியில் குளிர்ச்சி பட்டதும் மெதுவாகத் தடவினேன். ஐந்து மணியிலிருந்தும் முளை கிளம்பியிருந்தது. ஒன்று என் நடுவிரல் நீளம் இருக்கும்.

அழுகை வந்தது. அழுதேன். பிறகு ஒரு முளையும் ஒடியாமல் மண்ணைத் திருப்பித் தள்ளினேன்.

அவள் வரப்பில் சாக்கோடு நின்றிருந்தாள். “பாத்துட்டியா?”

“பாத்துட்டேன்.” சாக்கை வாங்கி முதுகில் போட்டுக்கொண்டேன். என் கோபம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. அவளுடையதும் குறைந்திருக்காது. “வியாழக்கிழமை வா. குழியில மணி போட ஆள் வேணும்.”

“சமையலுக்கு?”

“சமையலுக்கு வேற ஆள் இருக்கு.”

அவள் தலையாட்டினாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை விடிவதற்குள் அவள் வந்து என் வயலில் நின்றாள்.