கணுக்காலில் ஒரு குழி

அசீசுன்னிசா மகள் ரஹமத்தின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. பத்து எண்ணியும் நிரம்பவில்லை.

கொல்லையில் அவள் கணவன் மஜீதின் மையத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் தளவானூரில் ஒரு கிணற்றடியில் பம்பு மோட்டாரைப் பிரிக்கும்போது கரண்ட் அடித்து அவன் உயிர் போய்விட்டது.

“புள்ளைக்கு மூஞ்சியும் வீங்கிக்கினு வருதுக்கா. மெட்ராஸுக்குப் போவணும்.”

நாத்தனார் ஹுசைன் பீ மூக்கைச் சிந்தினாள். “இந்த வீட்ல இன்னிக்கு யாரு மூஞ்சி வீங்கல? அழுதா வீங்காதா?”

“அவ எங்க அழுதா? நைனா தூங்குறார்னு நெனச்சிக்கினு இருக்கா.”

மூன்று வாரத்துக்கு முன்புதான் ரஹமத்தின் இதயத்திலிருந்த ஓட்டையை அடைத்துத் தைத்திருந்தார்கள். முகமோ காலோ வீங்கினால் அன்றைக்கே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதயத்தைச் சுற்றி நீர் கட்டினால் அது விரிய இடமிருக்காது. எக்கோ எடுத்தால்தான் தெரியும். அந்த எக்கோவை மஜீத் கிணற்றை வைத்துத்தான் மனைவிக்கு விளக்கியிருந்தான்.

“உள்ள குரல் குடுத்தா முட்டுற எடத்துலேருந்து திரும்புதில்ல? அப்படித்தான், காதுக்குக் கேக்காத சத்தத்த நெஞ்சுக்குள்ள அனுப்புறாங்க. சதையில முட்டித் திரும்புனா படத்துல வெள்ளையா உழும். தண்ணிக்குள்ள முட்டிக்க ஒண்ணுமில்ல. அதான் கறுப்பு.”

அசீசுன்னிசா குழந்தைக்குச் சட்டை மாட்டினாள். ஹுசைன் பீ குறுக்கே வந்து நின்றாள்.

“புருசன் போயி வீட்டுக்குள்ளயே இத்தா இருக்க வேண்டியவ வாசப்படி தாண்டுவியா? நாலு மாசம் பத்து நாளு! நான் வேணா தூக்கினு போறேன்.”

“அந்த மிஷினுக்கு ஆடாம படுக்கணும். என் கையப் புடிக்காம படுக்கமாட்டா.”

“ஊரு இன்னா பேசும்?”

“பேசட்டும். ஒரே அடுப்புல ரெண்டு மையத்துக்குத் தண்ணி காய வெப்பீங்களா?”

ஹுசைன் பீ வாயைப் பொத்திக்கொண்டாள்.

அசீசுன்னிசா குனிந்து மஜீதின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழந்தையை இடுப்பில் ஏற்றினாள். வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் என்னவென்று புரியாமலே காலை மடக்கி வழிவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு வெள்ளைத் துப்பட்டி தோளில் வந்து விழுந்தது.

“தலையில போட்டுக்கினு போய்த் தொல,” என்றாள் ஹுசைன் பீ. “திண்டிவனம் பஸ்ஸு போயிடப்போவுது.”

மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரச் சாயங்காலம் நாலு மணியானது. டாக்டர் நெஞ்சுத் தழும்பின் ஓரமாகக் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைத்தார். ரஹமத் அம்மாவின் விரல்களை இறுக்கிக்கொண்டு ஆடாமல் கிடந்தாள். திரையில் இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது.

“நல்லவேளை, இன்னைக்கே வந்தீங்க. எங்கம்மா அந்த மோட்டார்காரர்? போன தடவை கேள்வி கேட்டே என்னைத் திணறடிச்சிட்டாரே!”

அவள் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அந்தக் கறுப்பு எவ்ளோ தடிமன் இருக்குது டாக்டர்? ஊசி போட்டு எடுத்தா மறுபடி ஊறுமா?”

டாக்டர் அவள் தலையிலிருந்த வெள்ளைத் துப்பட்டியைப் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.