ஷர்லி, 2 கி.மீ.

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, புதுக்கோட்டையில் என் ஆபீஸ் மேசைக்கு, ஃபோன் வழியாக வந்து சேர்ந்தது. தெரியாத நம்பர். பெண் குரல்.

"சார், கதை எழுதுறது நீங்கதானா?"

ஆமாம் என்றேன். கொஞ்சம் குழைந்துதான் சொன்னேன். என் கதைகளுக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அதன் அடியில் என் நம்பர் உண்டு. இரண்டு வருடத்தில் அந்த நம்பருக்கு ஒரு வாசகரும் கூப்பிட்டதில்லை.

"நான் தனியா இருக்கேன்னு ஒங்களுக்கு யாருங்க சொன்னது?"

எந்தக் கதையின் எந்தக் கதாநாயகியைச் சொல்கிறார் என்று யோசித்தேன். [என் கதாநாயகிகள் எல்லோருமே தனியாகத்தான் இருப்பார்கள். கூட ஆள் வைத்தால் எனக்கு எழுத வராது.] அதற்குள் அவரே விவரம் சொன்னார். பெயர் ஷர்லி. இலுப்பூரில் டெய்லர் கடை. கணவர் குவைத்தில். என் பக்கத்திலிருந்து போன ஒரு செய்தியால் ஊரில் அவர் பெயர் கெட்டுவிட்டது. கடைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றுபோகிறார்கள். நான் நேரில் வந்து, அது பொய் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

அப்படி எதையும் நான் எழுதவே இல்லை என்றேன். அந்தச் செய்தியின் அடியில் உங்கள் பக்கத்தின் பெயர்தானே இருக்கிறது என்றார்.

வாசகரே, நான் குழம்பியது அந்த நிமிடத்தில். இன்னும் தெளியவில்லை. தெளிந்த பிறகு எழுதலாம் என்று உட்கார்ந்திருந்தால் அந்த அம்மாவின் கடை மூடிவிடும்.

2

தொடக்கம் ஒன்று:

'இலுப்பூர்க் கடைத்தெருவில் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது, குழந்தைசாமி தன் கைபேசியை எடுத்து—'

வேண்டாம். அவர் எடுத்தது காலையில். வெயிலைச் சாய்க்காமல் எனக்குக் கதை தொடங்க வராது என்பதற்காக ஒரு மனிதரின் காலையை மாலையாக்க முடியாது.

தொடக்கம் இரண்டு:

'நவீன மனிதனின் அந்தரங்கம் இன்று விளம்பரங்களால்—'

இதுவும் வேண்டாம். எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது.

நேராகவே சொல்கிறேன். குழந்தைசாமி ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். புதுக்கோட்டைக்கும் விராலிமலைக்கும் நடுவே முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவர். வீடு இலுப்பூரில். என் கதைகளை ஒன்றுவிடாமல் படிப்பவர். [எனக்கென்று ஒரு வாசகர் இருக்கிறார் என்பதே இந்தக் கலவரத்தில்தான் தெரியவந்தது.] ஒரு நாள் என் கதையின் கடைசிப் பாராவுக்கு முன்னால் அவர் ஃபோனில் ஒரு பெட்டி வந்து மறித்தது. முடிவைப் படிக்க 'அனுமதி' என்பதை அழுத்தவும் என்றது. அவர் அழுத்தினார். கடைசி ஸ்டாப் வருமுன் இறங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை.

அன்றிலிருந்து ஃபோன் ஓயவில்லை. உங்கள் ஃபோனில் பதின்மூன்று வைரஸ் என்றது. பரிசு விழுந்திருக்கிறது என்றது. முழங்கால் வலிக்கு எண்ணெய் என்றது. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தார். நாலாம் நாள் காலையில் இது வந்தது:

'ஷர்லி தனியாக இருக்கிறாள். 2 கி.மீ. உங்களுடன் பேச காத்திருக்கிறாள்.'

வேறு யாராக இருந்தாலும் இதையும் தள்ளியிருப்பார்கள், அல்லது யாரும் பார்க்காதபோது தொட்டுப் பார்த்திருப்பார்கள். இவர் கண்டக்டர். தூரம் என்று கண்ணில் பட்டால் எந்த பஸ் ஸ்டேஜ் என்று பார்த்துவிடுவார். அவர் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் என்றால் அன்னவாசல் ரோட்டில் ஒரு ஸ்டேஜ். அந்த ஸ்டேஜில் ஷர்லி என்று இருப்பது ஒரே ஒரு ஆள்.

அடுக்களையில் இருந்த மனைவி சுகுணாவிடம், "நம்ம டெய்லர் ஷர்லி எதுக்கோ பேசணுமாம். என்னன்னு கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சட்டையை மாட்டினார். கடையில் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் கேட்டார்.

"என்னம்மா, தனியா இருக்கேன், பேசணும்னு அனுப்பியிருந்தியே?"

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்பதற்கு எழுத்தாளன் தேவையில்லை.

3

இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பக்கத்தை நடத்துவது சிவபிரகாஷ். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பன். பக்கத்துக்கு ஆகும் செலவை அவனே பார்த்துக்கொள்வதாகவும், பதிலுக்குக் 'குட்டியூண்டு கோடு' ஒன்றை, அதாவது விளம்பரம் கொண்டுவரும் நிரலை, அதில் சொருகிக்கொள்வதாகவும் இரண்டு வருடம் முன்பு சொல்லியிருந்தான். நான் தலையாட்டினேன். எனக்கு அந்தக் கோடு ஒரு நாளும் தெரிந்ததில்லை. ஏன் தெரியவில்லை என்றால், விளம்பரத் தொல்லை பிடிக்காமல் என் கம்ப்யூட்டரில் விளம்பரத் தடுப்பான் போட்டு வைத்திருந்தேன். அதைப் போட்டுக் கொடுத்ததும் சிவபிரகாஷ்தான்.

அதாவது, என் கதையைச் சுத்தமாகப் படித்த ஒரே ஆள் நான்தான். ஊரே சந்தை இரைச்சலில் படித்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

ஷர்லி என்ற பெயரை வைத்தது யார் என்று சிவபிரகாஷைக் கேட்டேன். எங்கோ ஒரு கம்பெனி, அதற்கும் மேலே இன்னொரு கம்பெனி, ஏதோ ஒரு பட்டியலில் இருந்து ஏதோ ஒரு பெயர், தூரமும் சும்மா போடுவது என்றான். மனுஷன் எழுதியதா என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். கோட்டை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிடுகிறேன் என்று சொன்னான், அந்த வார்த்தையை எல்லோரும் எப்படிச் சொல்வார்களோ அப்படி.

நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. பட்டியலில் இருந்து ஒரு பெயரை எடுப்பது, அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைப்பது, யாரோ வருவார்கள் என்று காக்க வைப்பது.

[இந்தப் பாராவை எடுத்துவிடலாமா என்று மூன்று முறை யோசித்தேன்.]

4

பெயரை மாற்றலாம் என்றுதான் முதலில் இருந்தேன். சந்தனமேரி என்று எழுதினேன். கட்டுமாவடியில் என் நண்பனின் அக்கா பெயர் அது, அடித்தேன். அன்புமொழி என்றேன். அந்தப் பெயரில் ஒரு டீச்சர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். இந்த ஜில்லாவில் எந்தப் பெயரைத் தூக்கிப் போட்டாலும் அது யார் தலையிலாவது விழுகிறது.

ஷர்லியே முடிவு செய்தார். பேரை மாற்றினால் அது வேறு யாருடைய கதையாகவோ போய்விடும், என் பெயரைப் போட்டே எழுதுங்கள் என்றார்.

குழந்தைசாமியைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் இருந்தது. இத்தனை வெள்ளந்தியாக ஒருவர் இருப்பாரா? கதையில் வைத்தால் நீங்கள் நம்ப மாட்டீர்களே? அவரிடமே கேட்டேன். "முப்பது வருசம் அச்சடிச்ச டிக்கெட்டை நம்பிப் பொழச்சவன்ங்க. எழுத்துல வந்தா நம்பிப்புடுவேன்" என்றார். இதற்கு மேல் ஒரு பாத்திரத்திடம் என்ன கேட்பது?

5

சனிக்கிழமை இலுப்பூர் போனேன். ஷர்லி கடையில் இரண்டு மிஷின். ஒன்று மூடிக் கிடந்தது. சுகுணா தன் ஜாக்கெட் துணியை, அதுவும் வெட்டிய துணியை, தைக்காமலே வாங்கிக்கொண்டு போயிருந்தார். வெட்டிய துணியைத் திருப்பி வாங்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அவர்களும் வாங்கிக்கொண்டு போனார்கள். இந்தச் சேதி குவைத்துக்கு எப்போது போகும் என்றுதான் ஷர்லி பயந்துகொண்டிருந்தார்.

குழந்தைசாமி அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் ஃபோனை வாங்கினேன். செட்டிங்ஸ் போய், என் பக்கத்துக்குக் கொடுத்திருந்த அனுமதியை நிறுத்தினேன். வந்து குவிந்திருந்த அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளினேன். வைரஸ், பரிசு, எண்ணெய், ஷர்லி, எல்லாம் போயிற்று. ஃபோன் பச்சைப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

பத்து நிமிடம் கழித்து சுகுணா வந்தார், கூட இரண்டு பெண்களுடன். எங்கே அந்தச் செய்தி, காட்டுங்கள் என்றார்.

ஆமாம். நீங்கள் நினைப்பது சரிதான். நான் முட்டாள்.

துடைத்துவிட்டேன் என்றேன். வந்ததும் வராததுமாக எதற்குத் துடைத்தீர்கள் என்றார். பதறிப்போய் என் ஃபோனை எடுத்தேன். சோதித்துப் பார்ப்பதற்காக நானும் இரண்டு நாள் முன்பு 'அனுமதி' கொடுத்து வைத்திருந்தேன். 'ஹரிணி, 2 கி.மீ.' என்று வந்திருந்தது. பாருங்கள், எனக்கு ஹரிணி, எனக்கு எந்த ஹரிணியையும் தெரியாது, எல்லாம் வெறும் பொய் என்றேன். கூட வந்த பெண் ஒருத்தி, ஹரிணி யார் என்று கேட்டாள். [சொல்வதற்கென்ன, பஸ்ஸில் வரும்போது எந்த ஹரிணி என்று நானும் யோசித்திருந்தேன்.]

சுகுணா சொன்னதுதான் கடைசி: "ஒங்களுக்கு ஒரு பேரு, இவுகளுக்கு ஒரு பேரு. அவங்கவங்களுக்குத் தக்கனதானே வருது? அதுக்குச் சாட்சி சொல்ல, இல்லாததை எழுதுறவரையா கூட்டியாந்தீக?"

ஷர்லி மிஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

6

முடிவு அ: சுகுணா மனம் மாறி, வெட்டிய துணியோடு கடைக்குத் திரும்பி வருகிறார். இதை எழுதி ஷர்லிக்கு அனுப்பினேன். நல்லாருக்கு சார், ஆனா நடக்கலையே என்று பதில் வந்தது.

முடிவு ஆ: குவைத்திலிருந்து ஒரு ஃபோன் வருகிறது. ஷர்லி எடுத்து, 'ஹலோ' என்று—

முடியவில்லை. என்னால் எழுத முடியவில்லை.

முடிவு இ: செய்தியை அனுப்பியவனைக் கண்டுபிடிக்கிறோம். சிவபிரகாஷ் சிரித்தான்.

7

ஒன்றை மறைத்துவிட்டேன். அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தபோது சுகுணா தனியாக வந்தார். நான் எழுந்து நின்றேன். இன்னும் ஒரு ஏச்சு பாக்கி இருக்கிறது என்று நினைத்தேன்.

"தம்பி, அந்தப் புள்ள மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும். இவுக மேலயும் இல்ல."

அப்படியானால் துணியை ஏன் வாங்கினீர்கள் என்றேன்.

"யாரோ பேசணும்னு சொன்னதாப் பாத்ததும் அந்த நிமிசமே சட்டையை மாட்டிக்கிட்டுக் கெளம்புனாக. நான் எத்தனை வருசமா ஒரு விசயம் பேசணும்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். இந்தா, இந்தக் கதையை முடிச்சுட்டு வாரேங்கிறாக."

என் கதையை. என் கதைகளைத்தான்.

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை. கணவர் என்னவென்று கேட்டால் அன்றைக்கே ஷர்லி கடைக்குப் போய், எல்லோருக்கும் தெரியத் துணியைக் கொடுப்பேன் என்றார் சுகுணா. அவரிடம் நான் சொல்லட்டுமா என்றேன். சொல்லிக்கொடுத்துக் கேட்பதற்குப் பெயர் கேட்பதா என்றார். எழுதலாமா என்றேன். அதற்கு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"எழுதிக்கங்க. படிச்சுப்புட்டு, பாவம், யாரு வீட்டுலயோ நடந்திருக்குன்னு நெனச்சுக்குவாக."

8

இங்கே நின்றுகொண்டிருக்கிறேன். எழுதுவதும் சொல்லிக்கொடுப்பதுதானா? தெரியவில்லை. யாருக்கோ வந்ததைத் தனக்கு வந்தது என்று நம்பிக் கிளம்பிய மனிதர், தனக்கே வருகிற இதை நம்புவாரா? அதுவும் தெரியவில்லை. கோட்டைச் சிவபிரகாஷ் ஒருவழியாக எடுத்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து எடுக்க வைத்தேன். எனவே இந்தக் கதையில் எந்தப் பெட்டியும் குறுக்கே வராது. மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இனி வருவது ஒரே ஒருவருக்கு.

குழந்தைசாமி சார், இது நீங்கள்தான். பெயர் தற்செயலாக ஒத்துப்போனதல்ல. இலுப்பூரும் உங்கள் இலுப்பூர்தான், சுகுணாவும் உங்கள் சுகுணாதான். முடிவு தெரியாமல் நீங்கள் இறங்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் முடிவு என்னிடம் இல்லை. எத்தனை தரம் கீழே தள்ளிப் பார்த்தாலும் இதற்கு அப்புறம் ஒன்றும் வராது. ஃபோனை வைத்துவிட்டு உள்ளே போய், என்ன விஷயம் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்து கேளுங்கள். அது என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன்.