சுண்ணாம்புச் சக்களத்தி

சென்னப்பன் வெளியூர் போன நாட்களில் பென்னாகரத்துப் பாளையக்காரர் மாளிகை வியர்த்தது. முதலில் கிழக்குச் சுவர் நனையும், பிறகு தூண்கள், கடைசியில் கூரையில் தீட்டியிருந்த பன்றி வேட்டைச் சித்திரத்திலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் சொட்டும். அவன் திரும்பி வந்து கதவைத் திறந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஒரு சுற்று நடந்தால் எல்லாம் காய்ந்துவிடும். அதன் பிறகு வெளியே சித்திரை வெயிலில் தார் உருகினாலும் உள்ளே மழை விட்ட கார்த்திகைக் காலையாகவே இருக்கும். ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. சில பசுக்கள் ஒருவர் கைக்கு மட்டுமே பால் கொடுப்பதில்லையா, அதுபோல ஒன்று என்று விட்டுவிட்டார்கள்.

பாளையக்காரர் வாரிசுகள் மைசூர்ப் பக்கம் குடியேறிப் பல காலமாகியிருந்தது. அவர்கள் சென்னப்பனைக் காவலுக்கு வைத்தது அறுபத்தொன்றாம் வருஷம். அதிகம் பேசாத மனுஷன். காலையில் கீழைச் சன்னல்களைச் சாத்தி மேலைச் சன்னல்களைத் திறப்பான், வெயில் ஏறியதும் வெட்டிவேர்த் தட்டிகளை நனைத்துத் தொங்கவிடுவான், பெயர்ந்த காரையைத் தடவிப் பார்ப்பான். இதையெல்லாம் அவனுக்கு முன்னால் இருந்தவர்களும் செய்தார்கள், அவர்களுக்கு மாளிகை இணங்கவில்லை. இவனுக்கு வந்த மாதமே இணங்கியது. வெற்றிலை வியாபாரி நசீருதீன் தன் கூடைகளை மதியத்தில் அங்கே இறக்கி வைக்க ஆரம்பித்தார். சந்தை கலைகிறவரை அவர் வெற்றிலை வாடாததால் தருமபுரி வெற்றிலையைவிடக் கொஞ்சம் கூடவே விலை சொன்னார், ஜனங்களும் கொடுத்தார்கள். பூக்காரி காசியம்மாள் மல்லிகையை அங்கே வைத்துத்தான் கட்டினாள். மாசமாக இருந்த பெண்கள் பங்குனி, சித்திரையில் பாயோடு வந்து படுத்துவிட்டுப் பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போனார்கள்.

அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் சென்னப்பனின் மனைவி ஜானகியம்மாள் ஒருத்திதான். அவர்கள் குடியிருந்தது தாழ்ந்த ஓட்டு வீடு. வெயில் காலத்தில் தண்ணீர்ப் பானைகூட வெதுவெதுப்பாக இருக்கும். கல்யாணமான புதிதில் அவளுக்குக் கறுகறுவென்று முடியும், கேட்டவர் திரும்பிப் பார்க்கிற சிரிப்பும் இருந்தன. புருஷன் களி தின்றுவிட்டுக் கை ஈரம் காயும் முன் மாளிகைக்குக் கிளம்புவதைப் பார்த்துப் பார்த்து அந்தச் சிரிப்பு குறைந்தது. அங்கே எவளோ இருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரு மத்தியானம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். கூடத்தில் யாருமில்லை. சென்னப்பன் மட்டும் ஒரு கல்தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். தூண் பக்கத்திலிருந்து மெல்லிய காற்று வந்து அவன் நெற்றி முடியை ஒதுக்கி ஒதுக்கி விட்டது. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அவள் குனிந்து அதே தூணில் உள்ளங்கையை வைத்தாள். அடுப்பில் கிடந்த தோசைக்கல்போல் சுட்டது. கையில் எழும்பிய கொப்புளம் ஆறச் சில நாள் பிடித்தது. யாரிடமும் சொல்லாமல் மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டாள். வந்திருப்பது பொம்பளையாக இருந்தால் முடியைப் பிடித்து இழுக்கலாம், சுண்ணாம்புக்கும் கல்லுக்கும் எதைப் பிடித்து இழுப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

அறுபத்து நான்கில் மகன் மாதுவுக்கு மொட்டையடிக்கத் தீர்த்தமலைக்குப் போனார்கள். சனி, ஞாயிறு இருந்துவிட்டு வரலாம் என்று சென்னப்பன் வாக்குக் கொடுத்திருந்தான். தருமபுரியில் பஸ் மாறி, அரூரில் மறுபடி மாறி, மலை ஏறுகிற வழியெல்லாம் ஜானகி பேசிக்கொண்டே வந்தாள். புருஷன் முழுசாகத் தன் பக்கத்தில் நடந்து வந்தது அவளுக்குப் புதுசு. அவர்கள் தீர்த்தத்தில் குளித்துவிட்டு வந்தபின், நாவிதர் குழந்தையின் தலையில் பாதி இறக்கியிருந்தபோது நசீருதீன் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தார்.

“சென்னப்பா, பரிசல்ல இருக்கற பொம்பளைங்க மூஞ்செல்லாம் வழியுதுப்பா. நேத்திலிருந்து நிக்காம ஊத்துது. வெத்திலக் கூடைய எடுக்கப் போனேன், மனசு கேக்கல.”

பரிசல் பெண்கள் என்றது மேலைச் சுவர்ச் சித்திரம். காவேரியில் பரிசலில் போகும் பெண்களை நூற்றைம்பது வருஷத்துக்கு முன் எவரோ எழுதி வைத்தது. சென்னப்பன் மடியிலிருந்த குழந்தையைத் தூக்கி மனைவியிடம் நீட்டினான்.

“கொழந்த தல பாதிதாங்க ஆயிருக்குது,” என்றாள் ஜானகி.

“அவ தாங்க மாட்டா ஜானகி,” என்றான் அவன்.

அவன் வாயில் ‘அவ’ என்று வந்ததை அவன் கவனிக்கவில்லை. நாவிதர் கவனித்தார், நசீருதீன் கவனித்தார், ஜானகி கவனித்தாள். அவன் படியிறங்கிப் போவதைப் பார்த்தபடி மீதி மொட்டையையும் அடித்து, சந்தனம் பூசி, அன்று சாயங்காலமே மகனோடு ஊர் திரும்பினாள். அதன் பிறகு அவள் அவனிடம் மாளிகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் வேலையில் இறங்கினாள்.

அடுத்த வருஷம் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி ஜில்லாவானது. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாளாகப் பார்த்து ஜானகியம்மாள் பஸ் ஏறினாள். தன் புருஷனை ஒரு கட்டடம் பிடித்து வைத்திருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அரண்மனைச் சித்திரங்கள் பாழாவதாகவும், ஒற்றைக் காவல்காரனை நம்பி இப்படி ஒரு பொக்கிஷத்தை விடக்கூடாதென்றும், சர்க்காரே எடுத்துக்கொண்டு தங்கள் ஆட்களையும் மிஷின்களையும் வைத்துப் பாதுகாக்க வேண்டுமென்றும் சொன்னாள். போகிற ஒவ்வொரு தடவையும் சொன்னாள். வேட்டைப் பன்றியின் எத்தனை முடி உதிர்ந்தது, எந்தப் பெண்ணின் மூக்குத்தி அழிந்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தச் சித்திரங்களை அத்தனை வன்மத்தோடு வேறு யாரும் பார்த்ததில்லை. ஜில்லாவில் பழைய கட்டடத்துக்காக மன்றாடிய முதல் ஆள் அவள்தான். ஆபீஸில் எழுந்து நின்று நாற்காலி போட்டார்கள். அறுபத்தொன்பதில் மாளிகை வாசலில் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று நீலப் பலகை வந்தது. எழுபத்திரண்டில் இன்னாசி என்ற இன்ஜினியர் வந்தார், அவர் பின்னால் லாரியில் பெங்களூரிலிருந்து ஏர்கண்டிஷன் மிஷின் வந்து இறங்கியது. சென்னப்பனைச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

ஜானகியம்மாள் அன்று கறிக்குழம்பு வைத்தாள்.

மிஷின் ஓடியது. அதற்குள் பனி கட்டி வெள்ளையாக உறைந்தது, அதிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றால் அனல் அடித்தது. இன்னாசி நிதானமானவர். ஒவ்வொரு சுவரிலும் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தார். கிழக்குச் சுவரில் பங்குனி, தெற்கே ஆடி, மேலைச் சுவரில் நடு அக்கினி நட்சத்திரம். வடக்குச் சுவர் மட்டும் மணிக்கொரு மாதமாக மாறிக்கொண்டிருந்தது. பரிசல் பெண்களின் முதுகில் காரை கொப்பளித்தது. இன்னாசி மிஷினைக் கழற்றிப் பூட்டினார், திரும்பவும் கழற்றினார். கடைசியில் ஊரில் விசாரித்தார். ஊர் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் சென்னப்பன் மனைவி சொன்ன இடத்தில் உட்கார்ந்தான், போட்டதைத் தின்றான், மாதுவோடு விளையாடினான். அவள் கேட்டதெல்லாம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அசந்து தூங்கும்போது அவன் கை தானாக நகர்ந்து சுவரைத் தேடியது. அவர்கள் வீட்டு மண்சுவர் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சில வாரத்தில் அவன் தோள் பொரிந்தது. காலையில் பாயைச் சுருட்டினால் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புத் தூள் கொட்டியது. ஜானகி கூட்டி அள்ளினாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிகமாக அள்ளினாள். முழங்கையில் ஒரு பொருக்கு பெயர்ந்து விழுந்த இடத்தில் செங்கல் நிறம் தெரிந்தது. அன்றைக்கு இன்னாசி வாசலில் வந்து தயங்கி நின்றபோது அவளே முந்திக்கொண்டாள்.

“கூட்டிட்டுப் போங்க சார். இங்க வெச்சிருந்தா எனக்கு மொறத்துல அள்ளத்தான் மிஞ்சுவாரு.”

சென்னப்பன் துண்டைத் தேடினான். அவன் தேடிய அவசரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் அதைக் கொடியிலிருந்து எடுத்து அவன்மேல் வீசினாள். தெருமுனை தாண்டும் முன்பே அவன் நடை வாலிபன் நடையாகிவிட்டது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி புடைத்தாள். அரிசியில் கல் இல்லாத பிறகும் புடைத்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்தைந்து ஐப்பசியில், ஒரு பகல் நேரத்தில், சென்னப்பன் அந்தத் தூணில் சாய்ந்தபடியே இறந்துபோனான். தகவல் வந்து ஜானகி ஓடியபோது உடம்பைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகம் தெளிவாக இருந்தது. கடைசி மூச்சு போகும்போது பக்கத்தில் இருந்தது அந்தத் தூணா நானா என்ற நினைப்புதான் அவளுக்கு முதலில் வந்தது. அழுகை வரவில்லை. உடம்பு சுடுகாடு போய்ச் சேர்கிறவரை வரவில்லை.

மாளிகை அழுதது. சுவர் சுவராக ஊற்றியது, படியிறங்கித் தெருவுக்கு வந்தது, சாக்கடையை நிரப்பிக்கொண்டு ஏரிப் பக்கம் ஓடியது. அந்த வருஷம் மழை பொய்த்திருந்ததால் இரண்டு பேர் அந்தத் தண்ணீரைக் கத்தரித் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள், காய் நன்றாகப் பிடித்தது. வேட்டைப் பன்றி பாதி கரைந்தது. இன்னும் ஒரு வாரம் போனால் கூரை தாங்காது என்று இன்னாசி சொன்னார். கருமாதியன்று சாமான் தேய்த்துக்கொண்டிருந்த காசியம்மாள், ஜானகி பின்னால் நிற்பது தெரியாமல் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“கட்டடம் எப்படி மாஞ்சு மாஞ்சு அழுவுது பாரு. கட்டுனவ கண்ணுல ஒரு சொட்டு இல்ல.”

ஜானகியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மாளிகைக்கு நடந்தாள். கணுக்கால் தண்ணீரில் கூடத்தின் நடுவே போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அதனோடு பேசியது அதுதான் முதல் தடவை.

“ஏன்டி, யாரு வூட்டு ஆம்பளைக்கு நீ அழுவற? ஒனக்கு எத்தன ராசா வந்தான், எத்தன தொர வந்தான். எனக்கு இருந்தது ஒருத்தன். அவனையும் நீதான் வெச்சிருந்த. தீர்த்தமலையில என் புள்ளைய பாதித் தலையோட வுட்டுட்டு ஓடியாந்தான், ஒனக்காவ. கடசியில தண்ணி குடுக்கற பாக்கியம்கூட எனக்கு வெக்கல. இப்ப ஊரு கூட்டி ஒப்பாரி வெக்கறியா? நிறுத்துடி. அழுவறதுன்னா நான்தான் அழுவணும். நிறுத்துன்றேன்!”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் உடைந்தது. அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து, கையால் அடித்து அடித்து அழுதாள். அவள் அழ அழச் சுவர்கள் ஒவ்வொன்றாக அழுகையை நிறுத்தின. வெளியே வரும்போது தரை காய்ந்திருந்தது, உள்ளே கார்த்திகைக் காலை வந்திருந்தது.

மறுநாள் அவள் போகவில்லை, தூண்கள் வியர்த்தன. அடுத்த நாள் போய்த் திட்டினாள், காய்ந்தன. இலாகா அவளையே காவலுக்குப் போட்டது. ஒரு தீபாவளிக்கு மனம் இளகி, படியில் ஒரு அதிரசத்தை வைத்து, “நீயும்தான் பாவம், தனியா கெடக்கற” என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் பரிசல் பெண்களின் காதோரத்தில் ஈரம் பூத்துவிட்டது. அன்றிலிருந்து இரக்கம் காட்டுவதை நிறுத்திவிட்டாள். திட்டுவதற்கு அவளுக்கு விஷயம் குறையவில்லை. அவன் தின்னாமல் போன களியிலிருந்து அவளுக்கு நரைத்த முதல் முடி வரை எல்லாம் இருந்தது.

எழுபத்தெட்டில் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். வாசலில் இன்னாசி அவரை நிறுத்தினார்.

“ஒரு நிமிஷம் சார். உள்ள திட்டிட்டு இருக்காங்க. முடிஞ்சதும் போலாம்.”

அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். குரல் ஓய்ந்ததும் உள்ளே போய்ச் சித்திரங்களை அண்ணாந்து பார்த்தார், நிறம் நன்றாக நிற்கிறது என்றார், குளிருக்குக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பராமரிப்புக்கு வேறு ஏதாவது தேவையா என்று கேட்டார். மார்கழியில் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது என்று இன்னாசி சொன்னார். அதிகாரி தலையாட்டினார். அந்த வருஷத்திலிருந்து பென்னாகரம் மாளிகைக்குச் சுண்ணாம்பு, கடுக்காய், வெட்டிவேரோடு மாதம் அரைக் கிலோ பனங்கற்கண்டும் சாங்ஷன் ஆனது.