யு போட்ட பக்கம்

செல்வநாயகி நுண்நோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். மறுபடியும் புள்ளிகள். பேருக்குக்கூட ஒரு கோடு இல்லை.

வேலை என்னவோ கேட்க எளிதுதான். கண்ணுக்கே எட்டாத இரும்புத்துகளை இளகிய ரப்பரில் கலந்து, அச்சில் ஊற்றி, இடமும் வலமும் காந்தம் வைத்து இறுகவிட வேண்டும். துகள்கள் காந்தத்தின் இழுப்புக்கு வரிசை பிடித்து, கோடு கோடாகப் படுக்க வேண்டும். படுத்தால் பட்டம். மாதக்கணக்காக ஒன்றும் படுக்கவில்லை. பேராசிரியர் பரமநாதன் மத்தியானம் வருகிறார். இன்றும் கோடு இல்லையென்றால் இந்த ஆராய்ச்சியையே கைவிடச் சொல்லிவிடுவார். துகள் சாடியும் காலி.

“இதுக்காவது உதவு,” என்று அந்தக் கடைசி ரப்பர் துண்டை ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் திணித்தாள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து அப்போதுதான் வந்த நோர்மா, பக்கத்து மேசை மாணவி, எட்டிப் பார்த்தாள்.

“மேசைக்கு நல்ல செருப்பு, அக்கா.”

“பேசாதே. காந்தம் கெட்டுப்போச்சு.”

“ஏன் ரெண்டையும் இப்படி நிமித்தி வச்சிருக்கீங்க?”

“நீ காந்தத்துல ஒட்டுன ஸ்டிக்கர்படிதான். யு மேல பார்க்கணும்.”

“யாரு சொன்னா?”

“யு-ன்னா அப். மேல். இதை ஒருத்தர் சொல்லணுமா?”

நோர்மா மலாய்ப் பள்ளியில் படித்தவள். செல்வநாயகி இங்கிலீஷ் பள்ளி.

“அது உத்தாரா லா, அக்கா. மலாய்ல வடக்கு. காந்தத்தோட வடமுனை. மேல்னு எழுதி ஒட்ட நான் என்ன டிவியா பேக் பண்ணேன்?”

செல்வநாயகி குனிந்து காந்தங்களைப் பார்த்தாள். காந்தம் நிமிர்ந்திருந்தால் துகளும் நிமிர்ந்துதானே நிற்கும்? நிற்கிற கோட்டை மேலிருந்து பார்த்தால் வேறென்ன தெரியும், புள்ளிதான்.

மண்டியிட்டு ரப்பரை உருவினாள். பிளேடால் மேலிருந்து கீழாக மெல்லிசாகச் சீவி, வெட்டிய பக்கம் தெரிய நுண்நோக்கியில் வைத்தாள். சீப்புப் பற்கள் போல வரிசையாகக் கோடுகள்.

“மத்த துண்டெல்லாம் எங்கேக்கா?”

“காலையில குப்பை லாரியில போச்சு.”

பரமநாதன் வந்து குனிந்தார். “என்னம்மா, கோடெல்லாம் ஆடுது?”

“கோடு ஆடலை, சார். மேசை.”

அவர் மேசையை முழங்காலால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, நெடுநேரம் பார்த்தார். “படுக்கணும்னுதானே எழுதியிருந்தே? இது நிக்குது.”

நோர்மா கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிக்கிறதும் நல்லாத்தான் இருக்கு,” என்றார் அவர். “தொடர்ந்து செய். ஆய்வேட்டுல ‘படுத்த’ன்னு வர்ற இடத்தையெல்லாம் ‘நின்ற’ன்னு மாத்திடு.”

பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல்தான். டைப்ரைட்டரை இழுத்து நோர்மாவின் முன்னால் வைத்தாள் செல்வநாயகி.

“நீயே அடி. யு எங்கே இருக்குன்னு உனக்குத்தான் நல்லாத் தெரியும்.”